விதியென்று சொல்லிவிடலாமா?



சங்கரன்கோவிலில் நம் மக்கள் புதிதாக ஒரு வண்டி வாங்கினால், அதனை வீட்டுக்குக் கொண்டுபோகுமுன் ஆலய முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்துவது வழக்கம். "சாமி, வண்டியை மந்திரிச்சுத் தாங்க" என்று குடும்பமே கைகூப்பி நிற்கும். நாமும் செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து அனுப்புவோம். சைக்கிளும் மொபெட்டும் வந்த காலம் போய், இன்று கார்களும் மின்சார ஸ்கூட்டர்களும் வருகின்றன. உழைத்துச் சேர்த்த காசில் வாங்கிய பொருளைக் கடவுளின் திருமுன் வைப்பது நல்ல வழக்கமே. அதனைக் குறைகூற நாம் எண்ணவில்லை. ஆயினும், அவ்வாறு நாம் மந்திரித்துக் கொடுத்த கார் ஒன்று சாலையோரத்தில் எரிந்து எலும்புக்கூடாய் நின்றதைக் கண்டபின், சில எண்ணங்களை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

விசைத்தறி நடத்தும் ஒரு குடும்பத்தின் கார் அது. இராஜபாளையத்தில் ஒரு திருமணத்திற்குச் சென்று இரவில் திரும்பும்போது, பானெட்டின் இடுக்கிலிருந்து புகை வந்திருக்கிறது. குடும்பத் தலைவர் வண்டியை ஓரங்கட்டினார். பின்கதவு ஒன்று உடனே திறக்கவில்லை. வயது முதிர்ந்த பாட்டியை இருவர் தூக்கி இறக்கினர். பிள்ளைகள் இருவரையும் எதிர்ப்புறக் கதவு வழியே இழுத்தனர். அவர்கள் நாற்பது அடி நடக்குமுன் தீ மேலெழுந்தது. தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது, அணைப்பதற்கு அதிகம் மிச்சமில்லை.

மறுநாள் அவர்கள் வீட்டிற்குச் சென்றோம். "சாமி கையால மந்திரிச்ச வண்டி; யாரு கண்ணு பட்டுச்சோ தெரியல" என்றார் அவர். "எல்லாம் விதி சாமி. உசுரு தப்பிச்சதே போதும்" என்றார் அவர் மனைவி. அவர்களுக்கு ஆறுதல் சொல்லச் சென்ற நாம் தலைகுனிந்து நின்றோம். அதற்குக் காரணம் உண்டு.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அதே மனிதர் நம்மிடம் வந்தார். வண்டியில் அடிக்கடி எண்ணெய் கருகும் வாடை வருகிறது என்றும், விற்ற நிறுவனத்தின் பணிமனைக்கு இருமுறை கொண்டுபோயும் "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள் என்றும் சொன்னார். "ஒரு கடிதம் எழுதிப் போடட்டுமா சாமி?" என்று கேட்டார். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "பெரிய கம்பெனி. நமக்கெதற்கு வம்பு? கடவுள் பார்த்துக்கொள்வார்" என்றோம். அவர் கடிதம் எழுதவில்லை. கடவுள் பார்த்துக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். உயிர்கள் பிழைத்தன. ஆனால், நாம் பார்க்க வேண்டியதை நாம் பார்க்கவில்லை.

அந்தக் கார் எதனால் எரிந்தது என்று இன்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. வண்டியைச் செய்தவர்களின் பிழையாக இருக்கலாம். பழுது பார்த்தவரின் அசட்டையாக இருக்கலாம். எலி கடித்த ஒயராகவும் இருக்கலாம். எழுதிய முறையீடு ஒன்றும் இல்லை. எரிந்த வண்டியும் பத்தே நாளில் பழைய இரும்புக்குப் போய்விட்டது. காரணம் தெரியாமற்போன இடத்தில்தான் "விதி" என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு துளி இரும்புத்தூள்

காரின் எஞ்சின் தானாக எரிந்துவிடுவதில்லை. எரிய மூன்று வேண்டும்: எரிபொருள், காற்று, வெப்பம். காற்று எங்கும் உண்டு. வெப்பம் சைலன்சர் குழாயில் எப்போதும் உண்டு. எரிபொருளும் எண்ணெயும் தத்தம் குழாய்களுக்குள் அடங்கியிருக்கும்வரை ஆபத்தில்லை. ஒரு ரப்பர் குழாய் வெடித்தோ, ஒரு மூடி தளர்ந்தோ, அவை சூடான குழாயின்மேல் சொட்டத் தொடங்கினால் தீக்கு வழி பிறந்துவிடுகிறது. மின்கம்பிகளின் உறை உரிந்து ஒன்றோடொன்று உரசினாலும் இதே கதிதான்.

இத்தகைய சிறு பிழை எத்துணைப் பெரிதாகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்வோம். தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் அங்கே விற்ற சில கார்களின் எஞ்சினில், கிராங்க் தண்டைக் கடைந்தபோது உண்டான உலோகத்தூள் முழுவதும் நீக்கப்படாமல் தங்கிவிட்டது. அந்தத் தூள் எண்ணெய் செல்லும் வழியை அடைக்கும். எண்ணெய் கிடைக்காத பேரிங் தேயும். தேய்மானம் முற்றினால் கனெக்டிங் ராடு முறிந்து எஞ்சினின் சுவரையே துளைத்துக்கொண்டு வெளிவரும். ஓடும் வண்டி நின்றுவிடும். அந்தத் துளை வழியே எண்ணெய் சூடான பாகங்களின்மேல் சிந்தினால் தீப்பற்றும். 2015-ஆம் ஆண்டு அந்நிறுவனம் ஏறக்குறைய 4,70,000 கார்களைத் திரும்ப அழைத்தது. 2017-இல் அதன் உடன்பிறப்பான கியா நிறுவனத்தின் கார்களும் சேர்ந்தன.

ஆனால், திரும்ப அழைத்தது போதுமானதா, உரிய காலத்தில் நடந்ததா என்று அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் கேள்வி எழுப்பியது. அக்கேள்விக்குத் துணைநின்றவர் ஹூண்டாயிலேயே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பொறியியலாளராகப் பணிபுரிந்த கிம் குவாங்-ஹோ என்பவர். நிறுவனம் தன் குறையை முழுமையாகச் சொல்லவில்லை என்று கண்ட அவர், 2016-இல் சான்றுகளோடு அரசிடம் முறையிட்டார். அதனால் வேலையை இழந்தார். 2020 நவம்பரில் அந்த அரசு நிறுவனம், 16 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைப்பதில் காலதாமதம் செய்ததாகக் கூறி, அபராதமும் பாதுகாப்புச் செலவுமாக ஹூண்டாய் 14 கோடி டாலரும் கியா 7 கோடி டாலரும் ஏற்குமாறு செய்தது. அடுத்த ஆண்டு கிம்முக்கு 2 கோடியே 40 லட்சம் டாலருக்கும் மேல் வெகுமதி வழங்கப்பட்டது.

இங்கே நாம் கவனிக்கத்தக்கது பணமன்று. அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டிலேயே வாகனப் பாதுகாப்புக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. சாதாரண மக்கள் எழுதியனுப்பும் முறையீடுகளை அரசு ஒன்றுசேர்த்துப் பார்க்கிறது. தனித்தனி ஊரில் தனித்தனி ஆளுக்கு நேர்ந்தவை, ஒரே தாளில் எழுதப்படும்போது ஒரே பிழையின் பல முகங்கள் என்று புலப்படுகின்றன. "என் வண்டிக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று அழுதவர், தம்மைப்போல் ஆயிரம் பேர் உண்டென்று அறிகிறார்.

நம் நாட்டில்

நம் நாட்டில் நெடுங்காலம் இதற்குச் சட்டமில்லை. 2009-இல் டாட்டா நிறுவனம் ஏழைக் குடும்பமும் வாங்கத்தக்க விலையில் நானோ காரை வெளியிட்டது. சில கார்கள் தீப்பற்றியதாகச் செய்திகள் வந்தன. நிறுவனம் தானே ஆராய்ந்து, 2010 நவம்பரில் புகைக்குழாய்ப் பகுதிக்கும் மின்அமைப்புக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தர முன்வந்தது. இது திரும்ப அழைத்தல் அல்ல என்றும் சொன்னது. அப்படிச் சொல்ல அதற்கு உரிமை இருந்தது. ஏனெனில், கட்டாயப்படுத்தும் அதிகாரம் அரசிடம் இல்லை. 2012-இல் வாகன உற்பத்தியாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கென ஒரு தன்விருப்ப நெறிமுறையை வகுத்தது. பிழை செய்தவரே தமக்கு நீதிபதியாக இருந்த காலம் அது.

2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இந்நிலையை மாற்றியது. அதில் 110-ஏ என்னும் புதுப்பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு மத்திய அரசு உற்பத்தியாளருக்கு ஆணையிடலாம். வாங்கியவருக்கு முழுவிலையைத் திருப்பித் தரவோ, வேறு வண்டி தரவோ, பழுதுநீக்கித் தரவோ நிறுவனம் கடமைப்பட்டது. 10 லட்சம் ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. நிறுவனம் தன் குறையைத் தானே கண்டு, அரசுக்குத் தெரிவித்து, வண்டிகளைத் திரும்ப அழைத்தால் அபராதம் இல்லை. ஒப்புக்கொண்டு திருந்துகிறவனுக்குச் சட்டமும் இரக்கம் காட்டுகிறது.

இச்சட்டம் வந்த மறு ஆண்டே நம் தமிழகம் ஒரு துயரத்தைக் கண்டது. 2022 மார்ச் 25-ஆம் நாள் இரவு, வேலூரில் ஒரு வீட்டில் மின்சார ஸ்கூட்டரை மின்னேற்றத்தில் போட்டுவிட்டு உறங்கச் சென்றனர் தந்தையும் பதின்மூன்று வயது மகளும். இரவில் தீப்பற்றியது, இருவரும் புகையில் மூச்சுத்திணறி இறந்தனர். அதே சில நாட்களில் மணப்பாறையிலும் சென்னையிலும் புனேயிலும் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியே நடந்திருந்தால், ஒருநாள் செய்தியாகி மறைந்திருக்கும். அடுத்தடுத்து நடந்ததால் நாடே கேட்டது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த தீ, வெடிபொருள், சுற்றுச்சூழல் பாதுகாப்பு மையத்தை விசாரிக்கப் பணித்தது. வல்லுநர் குழுவும் அமைந்தது. பாட்டரித் தொகுப்புகளின் அமைப்பிலேயே குறைகள் இருந்தன என்று அறியப்பட்டது. ஓலா 1,441 வண்டிகளையும், ஒகினாவா 3,215 வண்டிகளையும், பியூர் நிறுவனம் 2,000 வண்டிகளையும் அந்த ஏப்ரலில் திரும்ப அழைத்தன. பாட்டரியின் ஓர் அறையில் பிடித்த தீ அடுத்த அறைக்குப் பரவாமை முதலிய கடுமையான விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. அந்தத் தந்தையும் மகளும் திரும்பவில்லை. ஆனால், இன்று நம் தெருவில் ஓடும் புதிய ஸ்கூட்டர் அன்றையதைவிடக் காப்பானது என்றால், அதற்கு யாரோ விசாரித்ததே காரணம்.

எண்ணப்படாத முறையீடு

இப்போது நம் கருத்தின் நடுவிடத்துக்கு வருவோம். மேற்சொன்ன 110-ஏ பிரிவு எப்படி வேலை செய்கிறது? குறிப்பிட்ட வகை வண்டியின் உரிமையாளர்களில் விதிக்கப்பட்ட அளவினர் அரசிடம் முறையிட்டால், அல்லது ஒரு சோதனை நிலையம் அறிக்கை தந்தால், அல்லது வேறு வழியில் தெரியவந்தால், அரசு நடவடிக்கை எடுக்கலாம். நம் மாநிலத்திலேயே ஒரகடத்தில் அத்தகைய வாகனச் சோதனை நிலையம் ஒன்று உண்டு. ஆனால், எந்த வண்டியைச் சோதிக்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? வண்டியை ஓட்டுகிறவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சட்டம் தலைகளை எண்ணுகிறது. ஆலய முற்றத்தில் சொல்லியது எண்ணப்படாது. தேநீர்க் கடையில் புலம்பியது எண்ணப்படாது. பணிமனையில் வாய்ச்சொல்லாய்ச் சொல்லி வந்ததும் எண்ணப்படாது. ஊருக்கு ஒருவர் வீதம் நூறு ஊர்களில் நூறு பேர் "விதி" என்று வாய்மூடினால், அரசின் ஏட்டில் அந்த வண்டி குறையற்ற வண்டியாகவே நிற்கும். நூற்றோராவது குடும்பம் அதை நம்பி வாங்கும். நம் மௌனம் நம்மோடு நிற்பதில்லை. அது முகமறியாத ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறது.

விவிலியத்தில் யாத்திராகம நூலில் முட்டும் மாட்டைப் பற்றிய சட்டம் ஒன்று உண்டு. மாடு திடீரென ஒருவனை முட்டிக் கொன்றால் உடையவன் மேல் குற்றமில்லை. ஆனால், அது முட்டும் மாடு என்று முன்பே அவனுக்கு எச்சரித்திருந்தும் அவன் கட்டிவைக்காமல் விட்டிருந்தால் பழி அவனைச் சேரும். இச்சட்டத்தில் எல்லாம் தங்கியிருப்பது அந்த எச்சரிக்கையில் அன்றோ? எச்சரித்தவர் ஒருவரும் இல்லையென்றால், "எனக்குத் தெரியாது" என்று உடையவன் தப்பித்துக்கொள்வான். ஒரு கடிதம் எழுதுவது வம்புக்குப் போவதன்று. "உன் மாடு முட்டுகிறது" என்று சொல்லிவைக்கும் அயலான் கடமை அது.

வீட்டில் செய்யத்தக்கவை

குடும்பத்தார் மனத்தில் கொள்ள வேண்டிய சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம்.

பெட்ரோல் வாடையோ, கருகும் வாடையோ வந்தால் அதனை அற்பமாக எண்ணாதீர்கள். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்த் துளிகள் உண்டா என்று பாருங்கள். பியூஸ் அடிக்கடி போனால் காரணத்தைத் தேடுங்கள்; அதைவிடப் பெரிய பியூஸையோ, வெறும் கம்பியையோ போட்டு ஓட்டாதீர்கள். பெரிய ஹாரனுக்கும் பளிச்சிடும் விளக்குக்கும் ஆசைப்பட்டு ஒயரை வெட்டி ஒட்டுவோரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஓடும்போது புகை வந்தால் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, அனைவரையும் இறக்கி, தொலைவில் கொண்டுபோய் நிறுத்துங்கள். பையையும் நகையையும் எடுக்கத் திரும்பாதீர்கள். பானெட்டைத் திறக்காதீர்கள், திறந்தால் காற்றுப் புகுந்து தீ பெருகும். 101 அல்லது 112 எண்ணுக்கு அழையுங்கள்.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்போர், வீட்டின் ஒரே வாசலை அடைத்தவாறு அதனை மின்னேற்றத்தில் போடவேண்டாம். உறங்கும் இடத்தருகிலும் வேண்டாம். தறிக்கூடத்தில் நூல் கட்டுகளுக்கு நடுவே போடுவதை நம் ஊரில் நாமே கண்டிருக்கிறோம். அது பஞ்சுக்கு அருகில் நெருப்பை வைப்பதற்கு ஒப்பாகும்.

குறை கண்டால் எழுதுங்கள். வண்டி எண், சேசிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், குறை தோன்றிய நாள் ஆகியவற்றைக் குறித்து விற்ற நிறுவனத்துக்குக் கடிதம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டியானால், மத்திய அரசின் பரிவாகன் இணையத்தளத்தில் குறையைப் பதிவு செய்யலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் அரைமணி நேரத்தில் செய்துதருவார்கள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் நேர்ந்த தீங்குக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும்.

வண்டி எரிந்தே போனால், காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து ரசீது பெறுங்கள். தீயணைப்பு நிலையத்தின் சான்றையும் வாங்குங்கள். படம் எடுத்துவையுங்கள். காரணம் ஆராயப்படும்வரை எரிந்த கூட்டைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். பேசக்கூடிய சாட்சி அது ஒன்றே.

எழுதும் முறையீட்டில் உண்மையை மட்டும் எழுதுங்கள் என்பதையும் சொல்லிவைக்கிறோம். நாமே ஒயரை வெட்டி ஒட்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். நம் பிழையைப் பிறர்மேல் சுமத்துவது, பிறர் பிழையை விதியின்மேல் சுமத்துவதைவிட எவ்விதத்திலும் சிறந்ததன்று.

சென்ற வாரம் அந்தக் குடும்பத் தலைவரை அழைத்து, நம் அறையில் உட்கார வைத்து, நடந்தவை அனைத்தையும் நாள்வாரியாக எழுதச் செய்தோம். வண்டி போய்விட்டது, இதனால் அவருக்குக் காசு கிடைக்குமா என்பது ஐயமே. "இனிமே எழுதி என்ன சாமி ஆகப்போவுது?" என்று கேட்டார். "இதே வகை வண்டியை நாளைக்கு ஒருத்தர் மந்திரிக்கக் கொண்டுவருவாரே, அவருக்காக எழுதப்பா" என்றோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேனாவை எடுத்தார். நான்கு மாதங்களுக்கு முன்னரே நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

இனி வண்டி மந்திரிக்க வரும் குடும்பங்களிடம், செபம் முடிந்ததும் இரண்டு கேள்விகள் கேட்பதென்று தீர்மானித்திருக்கிறோம். "வண்டியின் எண்களைத் தனியே குறித்துவைத்தீர்களா? குறை கண்டால் யாருக்கு எழுத வேண்டும் என்று தெரியுமா?" வியப்பாகத் தோன்றலாம். தீர்த்தம் தெளித்த கையே அந்தக் கடிதத்தையும் எழுதத் துணைநிற்கும் என்று நம் மக்கள் அறிந்துகொள்ளட்டும்.